வளர்ச்சியைத் தன் கையில் வைத்துக்கொள்ள நகராட்சியான ஊர்: போர்டோலா வேலி, 1964–2024

பின்னணி

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் எழும் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது போர்டோலா வேலி. ஓக் மரங்கள், புல்மேடுகள், குதிரைத் தடங்கள், செங்குத்தான சரிவுகள். 1906 நிலநடுக்கத்தை உண்டாக்கிய சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு பள்ளத்தாக்கின் நீளவாக்கில் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. ஊரின் பரப்பு 9 சதுர மைலுக்குச் சற்று அதிகம்.

1964 வரை இது எந்த நகராட்சியிலும் சேராத இடம். கலிபோர்னியாவில் அப்படிப்பட்ட இடங்களுக்குக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நிர்வாகமே உள்ளாட்சி. மனைப்பிரிவு அனுமதி, கட்டட உரிமம், சாலை, காவல் எல்லாம் அதன் பொறுப்பு. சான் மேட்டியோ கவுண்டியின் ஆட்சிக்குழுவில் ஐந்து உறுப்பினர்கள் இருந்தனர். அந்த ஐவரையும் கவுண்டி முழுவதுமுள்ள வாக்காளர்களே தேர்ந்தெடுத்தனர். தொகுதிவாரித் தேர்தல் 2012-இல்தான் அங்கே ஏற்கப்பட்டது. 1960-இல் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 4,44,000. அதில் சில ஆயிரம் பேர் வாழும் ஒரு பள்ளத்தாக்கு தனக்கென ஒரு உறுப்பினரைக்கூட அனுப்ப முடியாது. ஊர் தனி நகராட்சியாக விரும்பியதற்கு மரங்களும் குதிரைகளும் காரணமாகச் சொல்லப்படுவது வழக்கம். இந்த வாக்குக் கணக்கையும் அவற்றோடு சேர்க்க வேண்டும்.

நெருக்கடி எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஸ்டான்ஃபோர்டின் தொழிற்பூங்கா 1950களிலிருந்து வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டு மைல் நீளமுள்ள நேர்கோட்டுத் துகள் முடுக்கியின் கட்டுமானம் 1962-இல் தொடங்கியது. 280-ஆம் எண் நெடுஞ்சாலையும் மலையடிவாரத்தை ஒட்டி வரவிருந்தது. பக்கத்து ஊர்களான வுட்சைடும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸும் 1956-லேயே தனி நகராட்சிகளாகிவிட்டன.

எடுத்த முடிவு

ஊருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: கவுண்டியிலேயே தொடர்வது, பக்கத்து நகராட்சி ஒன்றில் சேர்வது, தனி நகராட்சியாவது. முதல் வழியில் வரி ஏறாது, ஆனால் மனை விதிகள் ஊரின் கைக்கு வராது. இரண்டாவதில் விதிகள் பக்கத்து ஊரின் கைக்குப் போகும். வாக்கெடுப்பில் மூன்றாவது வழி வென்று, 1964 ஜூலை 14 அன்று போர்டோலா வேலி நகராட்சியானது.

அறிவிக்கப்பட்ட நோக்கங்கள் நான்கு: நிலத்தின் அழகைக் காப்பது, வீடுகளை அடர்த்தியின்றி அமைப்பது, தன்னார்வலர்களைக் கொண்டு நிர்வாகச் செலவைக் குறைப்பது, ஊராருக்குத் தேவையான சேவைகளை மட்டும் தருவது. கடைசி இரண்டும் வடிவமைப்பிலேயே தெரிந்தன. காவலுக்குக் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபுடன் ஒப்பந்தம் போடப்பட்டது. தீயணைப்பு, பள்ளி, கழிவுநீர் ஆகியவற்றை அந்தந்த வேலைக்கென்றே அமைந்த தனித்தனி நிர்வாக வட்டாரங்கள் கவனித்தன. குடிநீர் ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. ஊரின் பெரும்பகுதியில் செப்டிக் டேங்க் இருந்ததால் புதைசாக்கடைச் செலவும் பெரிதாக இல்லை. நகராட்சியின் கையில் நேரடியாக மிஞ்சியவை நிலப் பயன்பாடு, சாலை, பாதைகள் மட்டுமே. நிலத்தைக் கட்டுப்படுத்துவதற்காகவே உருவான நகராட்சி என்று இதைச் சொல்லலாம்.

சரிவும் பிளவும்: நன்றாக வேலை செய்த பகுதி

1965-இல் ஊரின் நிலப் பயன்பாட்டுக்கான பெருந்திட்டம் நிறைவேறியது. அதன் அச்சாணி சரிவு-அடர்த்தி விதி. நிலம் எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு பெரிய மனை வேண்டும். சமதளத்தில் ஒரு ஏக்கருக்கு ஒரு வீடு அனுமதிக்கப்படும் வட்டாரத்தில்கூட, சரிவு கூடக்கூட ஒரே அளவு நிலத்தில் வரும் வீடுகளின் எண்ணிக்கை குறையும். எங்கே என்ன கட்டலாம் என்று ஊரைப் பிரித்த மண்டலங்களில் குறைந்தபட்ச மனை அளவு 7.5 ஏக்கர் வரை போனது. மலையை வெட்டிச் சமன்செய்து மனை போடுவது இதனால் லாபமற்றதானது.

அடுத்த படி நிலவியல். நகராட்சி தனக்கென ஒரு நிலவியலாளரை அமர்த்தி ஊர் முழுவதையும் வரைபடமாக்கியது. 1970களில் இரண்டு வரைபடங்கள் நடைமுறைக்கு வந்தன. ஒன்றில் பாறையும் மண்ணும். மற்றொன்றில் நிலம் அசையும் வாய்ப்பு: உறுதியான அடிப்பாறை, மேல்மட்டச் சரிவுக்கு வாய்ப்புள்ள இடம், ஆழமான பழைய நிலச்சரிவு, இப்போதும் நகரும் நிலச்சரிவு, பிளவுக்கோட்டின் மேல் நிலம் கிழியக்கூடிய இடம் என வகைப்பிரிவு. இதனுடன் ஓர் அட்டவணையும் இருந்தது. ஒவ்வொரு நில வகைக்கும் எதிரே பொதுச் சாலை, தனிச் சாலை, வீடு, குழாய், தண்ணீர்த் தொட்டி எனப் பிரித்து, எதற்கு அனுமதி, எதற்கு ஆய்வுக்குப் பிறகு அனுமதி, எதற்கு மறுப்பு என்று எழுதப்பட்டது. விண்ணப்பதாரர் நிலம் வாங்கும் முன்பே தன் மனை எந்த வகை என்று பார்த்துக்கொள்ள முடிந்தது. சண்டை வரும்போது மன்ற உறுப்பினரின் விருப்பு வெறுப்பைப் பற்றிப் பேச இடமில்லாமல், பேச்சு மண்ணைப் பற்றியே நின்றது.

பிளவுக்கோட்டை ஒட்டிய இடைவெளி விதி இன்னும் நுட்பமானது. கோடு துல்லியமாகத் தெரிந்த இடத்தில் தனி வீட்டுக்கு 50 அடி, அதிகம் பேர் கூடும் கட்டடத்துக்கு 125 அடி. கோடு ஊகமாக மட்டுமே குறிக்கப்பட்ட இடத்தில் அதே இரண்டும் 100 அடி, 175 அடி. அறிவு குறைந்த இடத்தில் இடைவெளி கூடும். உரிமையாளர் குழி தோண்டி ஆய்வு செய்து கோட்டைத் துல்லியமாக்கினால் இடைவெளி குறையும். ஆய்வுச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விதியிலேயே பதில் இருந்தது. கலிபோர்னியா மாநிலமும் 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, 1972-இல், பிளவுக்கோட்டின் மேல் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தைச் செயல்படுத்த ஆள் தேட வேண்டிய நிலையில் பல ஊர்கள் இருந்தபோது, இங்கே ஆளும் வரைபடமும் தயாராக இருந்தன.

விளைவை போர்டோலா வேலி ராஞ்ச் என்ற 1970களின் குடியிருப்பில் பார்க்கலாம். 453 ஏக்கரில் 205 வீடுகள். நிலம் முழுவதும் சமமாகப் பங்கிட்டிருந்தால் நிலச்சரிவின் மீதும் பிளவின் மீதும் மனைகள் விழுந்திருக்கும். விதிகள் வீடுகளை உறுதியான முகடுகளில் நெருக்கமாக நிறுத்தின. மீதி நிலம் பொதுத் திறந்தவெளியாக விடப்பட்டது.

நகராட்சி தனக்கும் அதே விதியைப் பொருத்தியது. ஊர் மன்றம் இயங்கிய பழைய பள்ளிக் கட்டடங்கள் பிளவுக்கோட்டின் மேல் இருந்தன. அவற்றை இடித்து, அதே வளாகத்தில் கோட்டைவிட்டு விலகிப் புதிய நகர மையம் 2008-இல் கட்டி முடிக்கப்பட்டது. செலவின் பெரும்பகுதி நன்கொடையாக வந்தது.

ஊரின் மேற்கு எல்லையில் கண்ணுக்குத் தெரியும் விண்டி ஹில் என்ற குன்றைக் காப்பாற்றியது மட்டும் மண்டல விதி அல்ல. அந்த நிலத்தை ஒரு தனியார் அறக்கட்டளை பெற்று, 1972-இல் உருவான திறந்தவெளி வட்டாரத்திடம் சேர்த்தது. விதியை அடுத்த மன்றம் மாற்றலாம், பொதுவில் வாங்கிய நிலம் அப்படியே நிற்கும். ஊரும் பின்னாளில் மின்சாரம், தொலைபேசி போன்றவற்றின் கட்டணத்தின் மீது 2 சதவீத வரி விதித்துத் திறந்தவெளி நிதி சேர்த்தது.

பக்கத்து ஊரில் கிடைத்த எச்சரிக்கை

1965-இல் வுட்சைடில் நடந்ததை இங்கே சேர்த்தாக வேண்டும். துகள் முடுக்கிக்கு உயரழுத்த மின்தடம் கொண்டுபோக மத்திய அணுசக்தி ஆணையம் கோபுரங்கள் நட முனைந்தது. மின்கம்பிகள் நிலத்தடியில்தான் போக வேண்டும் என்பது வுட்சைடின் விதி. வழக்கு ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், ஊர் விதிக்கு ஆணையம் கட்டுப்பட்டது என்று தீர்ப்பானது. சில மாதங்களில் மத்திய நாடாளுமன்றம் அணுசக்திச் சட்டத்தையே திருத்தி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது.

சிறிய நகராட்சி எந்த அளவு வெல்ல முடியும் என்பதற்கு இது முழுமையான பாடம். இருக்கும் சட்டத்துக்குள் அது வெல்லும். மேலிருப்பவர் சட்டத்தை மாற்றினால் அதன் கையில் எதுவும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டு எண்ணிக்கை விஷயத்தில் இதே வரிசைதான் மீண்டும் வந்தது.

பணம்: மலிவாக இருந்ததன் விலை

1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு, கலிபோர்னியாவில் சொத்துவரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் நிறுத்தியது. மதிப்பும் சொத்து கைமாறாத வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அந்த 1 சதவீதத்தைக் கவுண்டி, பள்ளி, நகராட்சி, தனி வட்டாரங்கள் எப்படிப் பிரிப்பது என்பதை மாநிலம் பழைய வரி விகிதங்களை வைத்து முடிவு செய்தது. 1978-க்கு முன் அதிகம் வசூலித்த ஊருக்கு அதிகப் பங்கு. சிக்கனமாக நடந்த ஊருக்குச் சிறிய பங்கு. குறைந்த செலவு நிர்வாகம் என்ற 1964-இன் பெருமை அதன் பிறகு வருவாய்க்கு ஓர் உச்சவரம்பாகிவிட்டது. கடைவீதி மிகச் சிறியது என்பதால் விற்பனை வரியும் சொற்பம். வீட்டின் மதிப்பு 30 லட்சம் டாலரைத் தாண்டும் ஊரில் நகராட்சியின் கஜானா மெலிந்திருப்பது வெளியாருக்குப் புதிராகத் தெரியும். காரணம் இதுதான்.

ஒப்பந்தக் காவல் முதலில் லாபகரமாக இருந்தது. ஆனால் விலையைச் சொல்பவர் கவுண்டி ஷெரிஃப். சிறிய ஊருக்கு மாற்று விற்பனையாளர் கிடையாது, தனிக் காவல்துறை அமைக்கவும் வசதி கிடையாது. 2024-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பற்றாக்குறை பேச்சுப்பொருளானபோது, பெரிய சுமைகளில் ஒன்றாக நின்றது அந்த ஒப்பந்தம்.

எத்தனை வீடு என்ற கேள்வி

வீடுகள் எங்கே, எப்படி என்பதற்கு ஊர் நல்ல விடை வைத்திருந்தது. எத்தனை என்பதற்கு அதன் மௌனமான விடை, ஏறத்தாழ இருப்பதே போதும் என்பது. மக்கள்தொகை 2000-இல் 4,462, 2010-இல் 4,353, 2020-இல் 4,456. இருபது ஆண்டுகளில் அசைவே இல்லை.

மாநிலத்தின் சட்டம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1969 முதல் ஒவ்வொரு நகராட்சியும் தன் பெருந்திட்டத்தில் வீட்டுவசதிப் பகுதி ஒன்று எழுத வேண்டும். 1980 முதல், சுற்றுவட்டாரம் முழுவதுக்குமான வீட்டுத் தேவையில் தனக்கு ஒதுக்கப்படும் எண்ணிக்கைக்கு இடம் காட்ட வேண்டும். நெடுங்காலம் இது பெரும்பாலும் காகிதத்தோடு முடிந்தது. ஊரின் பழைய முயற்சி ஒன்று இதற்குச் சான்று. புளூ ஓக்ஸ் மனைப்பிரிவில் குறைந்த விலை வீடுகளுக்கென நான்கு மனைகள் ஒதுக்கப்பட்டன. தொலைவான மலைப்பகுதியில் அத்தகைய வீடு கட்டும் செலவுக்கு யாரும் முன்வரவில்லை. மனைகளை விற்று, அந்தப் பணத்தில் சாலையோரப் பழைய நாற்றுப்பண்ணை நிலத்தை வாங்கப் பார்த்தார்கள். மண்ணில் மாசு இருந்தது, அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், 2013 வாக்கில் பேரம் முறிந்தது. வீடுகள் எழவில்லை. பணம் நிதிக்கணக்கில் தங்கியது.

2015–2023 ஒதுக்கீட்டுச் சுற்றில் ஊருக்கு ஒதுக்கப்பட்ட வீடுகளின் எண் 64. வீட்டோடு ஒட்டிய துணைவீடுகளைக் கணக்குக் காட்டியே சமாளிக்கக்கூடிய அளவு. 2023–2031 சுற்றில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கான மொத்தமே 1,87,990-இலிருந்து 4,41,176 ஆனது. போர்டோலா வேலியின் பங்கு 253: மிகக் குறைந்த வருமானத்தாருக்கு 73, குறைந்த வருமானத்தாருக்கு 42, நடுத்தரத்தாருக்கு 39, அதற்கு மேல் 99. குறைந்த வருமான வீடுகளுக்கு இந்த அளவிலான ஊர்களில் ஏக்கருக்கு 20 வீடு அனுமதிக்கும் மண்டலம் போதும் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஏக்கருக்கு ஒன்று என்பதையே நெருக்கமாகக் கருதிய ஊர் இது.

எதிர்ப்பாளர்களின் முதன்மை வாதம் காட்டுத்தீ: குறுகலான சாலைகள், சில வெளியேறும் வழிகள், காய்ந்த சரிவுகள். வாதம் பொய்யல்ல. அதன் பலவீனம் வேறிடத்தில் இருந்தது. நிலநடுக்கத்துக்கு 1970களிலேயே இடம்வாரியான அட்டவணை வைத்திருந்த ஊரிடம், தீக்கு அத்தகைய அட்டவணை அந்த நேரத்தில் இல்லை. எந்த இடத்தில் எத்தனை வீடு பாதுகாப்பு என்று எண்ணில் சொல்ல முடியாத ஆபத்து, மாநிலத்தின் மேசையில் சாக்காகவே படிக்கப்பட்டது. வுட்சைடு 2022 தொடக்கத்தில் ஊர் முழுவதும் மலைச்சிங்கத்தின் (பூமா) வாழிடம் என்று சொல்லி, மனையை இரண்டாகப் பிரிக்க அனுமதிக்கும் புதிய மாநிலச் சட்டத்திலிருந்து விலக முயன்றதும், மாநிலத் தலைமை வழக்கறிஞரின் கடிதம் வந்ததும் பின்வாங்கியதும் அந்தச் சந்தேகத்தை இன்னும் வளர்த்தன.

வீட்டுவசதித் திட்டத்துக்கான கெடு 2023 ஜனவரி 31. உரிய காலத்தில் ஒப்புதல் பெற்ற ஊர்களுக்கு மண்டல மாற்றம் செய்ய மூன்று ஆண்டு. தவறிய ஊர்களுக்கு ஒரே ஆண்டு. போர்டோலா வேலி இரண்டாம் வகையில் விழுந்தது. மாநில வீட்டுவசதித் துறை அதன் திட்டத்துக்கு 2024 ஜனவரி இறுதியில் ஒப்புதல் தந்தது. ஆனால் மண்டல மாற்றங்கள் கெடுவுக்குள் நிறைவேறவில்லை. மார்ச் மாதம் துறை ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. அப்படி ஒப்புதல் இழந்த முதல் ஊர் மாநிலத்திலேயே இதுதான். அப்போதைய சட்டப்படி, ஒப்புதல் இல்லாத காலத்தில், ஐந்தில் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வருமானத்தாருக்கு ஒதுக்கும் திட்டத்தை, மண்டல விதிக்கு ஒவ்வாது என்ற காரணம் காட்டி மறுக்க முடியவில்லை. அறுபது ஆண்டு கட்டிக்காத்த அதிகாரம் சரியாக அந்த இடத்தில்தான் செயலிழந்தது. ஏப்ரலில் மன்றம் மண்டல மாற்றங்களை நிறைவேற்றியது.

ஒப்பிட்டுப் பார்த்தால்

போர்டோலா வேலிக்கும் மென்லோ பார்க்குக்கும் இடையில் லடேரா என்ற குடியிருப்பு இருக்கிறது. அது நகராட்சியாகவில்லை, இன்றும் கவுண்டியின் கீழ்தான். கவுண்டிக்கு இந்தச் சுற்றில் ஒதுக்கப்பட்ட எண் 2,833. ஆனால் அது நகராட்சி சேராத எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான எண். எந்தப் பகுதியில் எவ்வளவு என்பதைக் கவுண்டி தன் நிலப்பரப்பு முழுவதையும் பார்த்து முடிவு செய்யலாம். லடேராவுக்கென்று ஒரு எண் கிடையாது. நகராட்சியான ஊருக்கு மட்டுமே தன் பெயருக்கு நேராக ஓர் எண் எழுதப்படுகிறது. நகராட்சி ஆவதன் இந்தப் பக்கத்தை 1964-இல் யாரும் கணக்கிட்டிருக்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு சட்டமே அப்போது இல்லை. இன்று கணக்கிடாமல் விடுவதற்கு அந்தச் சாக்கு கிடையாது.

அதற்காக லடேராவின் வழியே சிறந்தது என்று சொல்ல முடியாது. சரிவு விதியும் பிளவு இடைவெளியும் ஊரளவு நுட்பத்தோடு வந்தது நகராட்சியானதால்தான். பொது விதிகளை மட்டும் நம்பியிருந்தால் ராஞ்ச் குடியிருப்பு அந்த வடிவில் எழுந்திருக்காது.

இன்று இதே முடிவை எடுப்பதானால்

நடைமுறையே மாறிவிட்டது. கலிபோர்னியாவில் இப்போது குறைந்தது 500 பதிவு வாக்காளர்கள் வேண்டும். அவர்களில் 25 சதவீதத்தினர் கையெழுத்திட்ட மனு, அல்லது உள்ளாட்சி ஒன்றின் தீர்மானம், கவுண்டியின் எல்லை ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆணையம் விரிவான நிதி ஆய்வு நடத்தும். அதில் ஊர் தேறிய பிறகே வாக்கெடுப்பு.

தேறுவது கடினம், காரணங்கள் இரண்டு. 1992 முதல், புதிய நகராட்சியால் கவுண்டிக்கு நிகர வருவாய் இழப்பு வரக்கூடாது; வந்தால் ஊர் ஈடுசெய்ய வேண்டும். 2011-இல் மாநிலம் வாகன உரிமக் கட்டணத்தில் புதிய நகராட்சிகளுக்குக் கிடைத்த பங்கை எடுத்துவிட்டது. அந்த ஆண்டு உருவான ஜுருபா வேலிக்குப் பிறகு 2024 ஜூலையில் மவுண்டன் ஹவுஸ் வரை மாநிலத்தில் புதிய நகராட்சியே பிறக்கவில்லை. கவுண்டியுடன் ஈட்டுத்தொகை பேசும்போது கால வரம்பும், ஷெரிஃப் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறலாம் என்ற உச்சவரம்பும் எழுத்தில் வாங்க வேண்டும். மனுவுக்குக் கையெழுத்து வாங்கி முடித்த பிறகு பேரம் பேசும் பலம் குறைந்துவிடும்.

ஊர்க்கூட்டத்தில் முதலில் விரிக்க வேண்டியது கவுண்டியின் மனைப்பட்டியல். மனு சுற்றுக்கு வருமுன் விண்ணப்பித்து அனுமதி பெற்ற மனை வரைபடங்களைப் புதிய நகராட்சியும் மதித்தாக வேண்டும். எந்த மனைப்பிரிவைத் தடுக்க ஊர் திரண்டதோ, அது ஏற்கெனவே வரிசையில் இருந்தால் நகராட்சியாவது அதைத் தொடாது. அதேபோல் கவுண்டியின் வீட்டு எண்ணிக்கையில் எவ்வளவு புதிய ஊருக்கு மாற்றப்படும் என்பதையும் வாக்கெடுப்புக்கு முன்பே கேட்க வேண்டும். இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால், வட்டாரத்தின் உள்ளாட்சிகள் சேர்ந்த கூட்டு மன்றம் தீர்மானிக்கும்.

நகராட்சியான நாளில் கவுண்டியின் சட்டங்களே முதல் 120 நாட்களுக்குத் தொடரும். சொந்தப் பெருந்திட்டத்துக்கு 30 மாத அவகாசம். அந்த இடைவெளியில் கட்டுமானத்தை நிறுத்திவைக்கும் அவசரச் சட்டம் போடலாம் என்பதுதான் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் எண்ணும் வழி. முதலில் 45 நாள், பிறகு நீட்டிப்புகளோடு அதிகபட்சம் இரண்டு ஆண்டு, ஐந்தில் நான்கு பங்கு வாக்குகளோடு. ஆனால் 2019-இன் வீட்டு நெருக்கடிச் சட்டத்துக்குப் பிறகு, அந்தச் சட்டம் பொருந்தும் நகர்ப்புறப் பகுதிகளில் வீடுகளுக்கு எதிராக அத்தகைய தடை போட முடியாது. உடனடி ஆரோக்கியக் கேடும் உயிராபத்தும் மட்டுமே விலக்கு, அதற்கும் மாநிலத் துறையின் ஒப்புதல் வேண்டும்.